தடிமனும் கறிவேப்பிலையும்

ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்திறங்குபவர்கள் நிரப்பிக்கொடுக்கும் அட்டையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். விமானம் இறங்குகிற நேரத்தில் பக்கத்துச் சீற்றுக்காரரிடம் பேனை இரவல் வாங்கி, மடியில் வைத்து நிரப்புவோமே, அதுதான். இப்போது பெரும்பாலானோர் அதைக் கைத்தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பிழைத்தவன் நான்.

நான் ஓய்வுபெற்றதை அறிந்து, தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குப் பொறுப்பான தம்பிமார் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணை, எங்கட சனம் கருவாட்டை எங்கையெங்கை எல்லாம் ஒளிச்சுக் கொண்டு வந்தது எண்டு பகிடியா ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ. நீங்கள் சொன்னாச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றார்கள். ஓம் என்றேன். அப்படியான கதைகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை. வருடக்கணக்காக விருந்துகளில் அவற்றைச் சொல்லித்தான் பெயர் வாங்கியிருந்தேன். ஆனால் இடையில் நானும் மனைவியும் சிம்பன்சி பார்க்க உகண்டாவுக்குப் போய்வந்தோம். அங்கே பட்ட அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. ஆகவே தம்பிமார் கேட்ட கட்டுரை வேறு, கிடைக்கப்போகிற கட்டுரை வேறு. பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பலர் என்னைச் சுங்க அதிகாரி என்றே நினைத்திருந்தார்கள். தங்கம், சாராயம், சிகரெட் எல்லாம் சுங்கக்காரர் பாடு. எங்கள் பிரிவுக்குப் பயோசெக்யூரிட்டி என்று பெயர். விதை, இலை, பழம், தேன், பூச்சி, சப்பாத்தில் ஒட்டிய மண் என்று, இந்தத் தீவுக்குள் நோயைக் கொண்டுவரக்கூடிய எல்லாவற்றையும் வாசலில் மறிப்பது எங்கள் வேலை. ஆக்லாந்துப் புறநகரான மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். சில வாரம் பயிற்சி. பழ ஈயின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கனவிலும் ஈ பறந்தது. பரீட்சையில் தேறினேன். மற்றதெல்லாம் மெரெயிடம் படித்தது.

மெரெ எங்கள் மேற்பார்வையாளர். மாவோரிப் பெண்மணி. கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கும். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. மலையேறிவிட்டு வந்த ஒருவரின் சப்பாத்தை அவர் சோதிப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேசையில் வெள்ளைத் தாளை விரிப்பார். சப்பாத்தைக் கவிழ்த்து வைப்பார். வளைந்த கம்பியால் அடிப்பள்ளங்களை ஒவ்வொன்றாகக் கிண்டுவார். ஒரு பள்ளத்தையும் விடமாட்டார். விழுந்த மண்ணைக் கம்பி நுனியால் பரப்பி, பூதக்கண்ணாடியைத் தான் பார்க்கும் முன் சப்பாத்துக்காரரின் கையில் கொடுப்பார். "பாருங்கள், மூன்று புல் விதைகள். நீங்கள் நடந்த இடம் அழகான இடமாக இருந்திருக்க வேண்டும்" என்பார். பிடிபட்டவர் வெட்கப்பட்டுத் தானாகவே மற்றப் பையையும் திறந்து காட்டுவார்.

கேள்வி கேட்பதில் மெரெக்கு ஒரு முறை இருந்தது. அட்டையில் உள்ள கேள்வியை ஒருதரம் கேட்பார். பிறகு அதையே பொருளின் பெயரைச் சொல்லி மறுபடி கேட்பார். "மண் பட்ட சப்பாத்து உண்டா?" என்று கேட்டு, இல்லை என்று பதில் வந்ததும், "கடைசியாக எப்போது புல்லில் நடந்தீர்கள்?" என்பார். "முதல் பதில் வாய்ப் பழக்கத்தில் வரும். இரண்டாவதுதான் யோசித்து வரும்" என்று எங்களிடம் சொல்வார். எனக்கு அது நேர விரயமாகவே பட்டது. வரிசை பின்னால் நீண்டுகொண்டு போகும்போது இந்தம்மா நின்று புல்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எரிச்சல் வரும். நான் ஒருதரம்தான் கேட்பேன். "இல்லை" என்றால் பெட்டியைத் திறப்பேன். உள்ளே இருந்தால் தண்டம் எழுதுவேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா என்ற தலைக்கனம் வேறு.

இனி ஒரு ரீச்சரின் கதை.

சிங்கப்பூர் விமானம் வந்த ஒரு மதிய வேளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஐம்பது கடந்த வயது, நேரான முதுகு, கையில் மடித்த கைக்குட்டை. ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆக்லாந்தின் மேற்கில், கிளென் ஈடனில் இருக்கும் மகனிடம் வருகிறார். பெயர் புவனேஸ்வரி. அட்டையில் உணவு பற்றிய கேள்விக்கு இல்லை என்று கோடு போட்டிருந்தார்.

"அம்மா, ஏதும் சாப்பாடு கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. பிளேனிலை தந்ததே வயிறு நிறையக் காணும்" என்றார்.

அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது. எனக்குத்தான் காது கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தேன். நீலச் சேலை ஒன்றின் மடிப்புக்குள், ஈரத் துணியில் சுற்றி, ஒரு கட்டுக் கறிவேப்பிலை. தண்டோடு, பச்சைப் பசேல் என்று. தோடை, எலுமிச்சை மரங்களை நாசமாக்கும் நோய் அந்த இலையில் வரக்கூடும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். பழ ஈக்கு அடுத்தபடி நான் பயந்தது அதற்குத்தான்.

"இது என்ன?"

"கறிவேப்பிலை. மகன் ஆசைப்பட்டவன்."

"சாப்பாடு இல்லை எண்டு சொன்னீங்கள்?"

அவர் என்னை, வகுப்பில் பிழையாகக் கணக்குச் செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கறிவேப்பிலை சாப்பாடே? அதை ஆர் சாப்பிடுறது? கோப்பைக் கரையிலை ஒதுக்கி வைக்கிறதுதானே!"

பக்கத்து மேசையில் நின்ற இந்தியத் தமிழ்ப் பயணி ஒருவர், கோப்பை என்றால் எங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு என்பது தெரிந்தவர்போல, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தண்டப் பத்திரத்தை எழுதினேன். பொய்யான தகவல் கொடுத்தார் என்று தமிழில் வாசித்தும் காட்டினேன். அப்போதுதான் அவர் மடித்த கைக்குட்டையை விரித்து விரித்துத் திரும்ப மடிக்கத் தொடங்கினார்.

"பொய் எண்டு எழுதாதேங்கோ ஐயா. தண்டம் எவ்வளவெண்டாலும் மகன் கட்டுவான். நான் முப்பது வருசம் பிள்ளையளுக்குப் பொய் சொல்லாதேங்கோ எண்டு படிப்பிச்சனான்."

"சட்டம் அம்மா" என்றேன்.

அவர் போனபின் மெரெ வந்தார். பத்திரத்தின் பிரதியைப் பார்த்தார். "என்ன சொல்லால் கேட்டாய்?" என்றார். சாப்பாடு என்ற சொல்லைச் சொன்னேன். "அந்தச் சொல்லுக்குள் இலை வருமா?" என்று கேட்டார். வராது. சாப்பாடு என்றால் எங்களுக்குச் சோறும் கறியும். கறிவேப்பிலை கறிக்குப் போடும் சாமான். இதை மெரெயிடம் ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "அவவுக்குத் தெரியும். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்" என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னேன். மெரெ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதியாயிற்று. எழுதியது நீ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இலையைப் பறிமுதல் செய்ததில் பிழையில்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் கேட்டது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் கிளென் ஈடனுக்குப் பக்கத்தில், நியூ லின்னில் ஒரு பிறந்தநாள் விருந்தில், வேலை இடத்துக் கதையை வெளியே சொல்லக் கூடாது என்ற விதியையும் மீறி, "கோப்பைக் கரையிலை ஒதுக்கி வைக்கிறதுதானே" என்று அவரைப்போலவே நடித்துக் காட்டினேன். பெயரைச் சொல்லவில்லை. கிளென் ஈடன், ரீச்சர், புதிதாக வந்தவர் என்றால் எங்கள் சனத்துக்குப் பெயர் எதற்கு? 'கறிவேப்பிலை ரீச்சர்' என்ற பட்டம் ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்க ஒத்துக்கொண்டிருந்தவர் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். கோயில் திருவிழாவிலும் அவரைக் காணவில்லை என்றார்கள். எனக்கு எல்லாம் தெரியும். பட்டம் வைத்தவன் நான் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே வருடங்கள் ஓடி ஓய்வும் வந்தது. ஓய்வுக்கு என்ன வேண்டும் என்று நான் மனைவியைக் கேட்டேன். சிம்பன்சி என்றாள். வசந்தா திருச்சிக்காரி. நான் அகதியாகத் தமிழ்நாட்டில் இருந்த காலத்தில் கட்டியவள். நியூ லின்னில் ஒரு மருந்துக் கடையில் இருபது வருடம் நின்றாள். வேலை முடிந்து வந்தால் தொலைக்காட்சியில் காடும் குரங்கும்தான். "ஒரு தடவை நேர்ல பாத்துட்டாப் போதும். வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள்.

புறப்படும் முன், பழைய பல்துலக்கியால் இருவர் சப்பாத்தையும் இரண்டு மணி நேரம் தேய்த்தேன். மெரெ பார்த்தால் மெச்சியிருப்பார். ஆனால் துபாய் விமானத்துக் குளிரில் எனக்குத் தடிமன் பிடித்துவிட்டது. தமிழ்நாட்டார் சளி, ஜலதோஷம் என்பதைத்தான் நாங்கள் தடிமன் என்போம். உகண்டாவின் மேற்குப் பகுதியில் இருந்த அந்த மழைக்காட்டு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏங்க, சளி புடிச்சிருக்கு உங்களுக்கு. நாளைக்குப் போறப்போ அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றாள் வசந்தா.

"தடிமன் ஒரு வருத்தமே? நீர் சும்மா இரும். சொன்னா உம்மையும் சேர்த்து மறிச்சுப் போடுவாங்கள்."

"மறிச்சா மறிக்கட்டும். மருந்துக் கடைல நின்னவ சொல்றேன், கேளுங்க."

நான் கேட்கவில்லை. காலையில் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். மூக்கு நின்றது மாதிரி இருந்தது.

காட்டுப் பூங்காவின் வாசலில் எங்கள் குழுவில் ஆறு பேர். வழிகாட்டி கிரேஸ், பச்சைச் சீருடை போட்ட நடுத்தர வயதுப் பெண். கிருமிநாசினித் தொட்டியில் எல்லோரையும் சப்பாத்தோடு ஏறி நிற்கச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் ஆக்லாந்தில் இதே வேலைதான் பார்த்தவன் என்று சொல்லி, சப்பாத்தின் அடியைத் தூக்கிக் காட்டினேன். அவரும் சிரித்துக் கைகொடுத்தார். பிறகு விதிகளைச் சொன்னார். சிம்பன்சியிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், அருகில் போனதும் முகக்கவசம் போட வேண்டும், துப்பக் கூடாது, எதையும் தின்னக் கூடாது, ஒரு மணி நேரம்தான். ஒரு படிவம் தந்தார். ஏதாவது நோய் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. "எல்லோரும் சுகம்தானே?" என்று வாயாலும் கேட்டார்.

நோய் என்றால் எங்களுக்கு வருத்தம். வருத்தம் என்றால் படுக்கையில் கிடப்பது. 'இல்லை' என்று கோடு போட்டேன். நான் மறைத்தேனா, அல்லது உண்மையாகவே அது நினைவில் வரவில்லையா என்று என்னைக் கேட்டால், இரண்டும் கலந்தது என்றுதான் சொல்வேன். வசந்தா என் படிவத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தன் படிவத்தைக் கிரேஸிடம் நீட்டினாள்.

இரண்டு மணி நேரம் நடந்தோம். யானை போன தடம் கிணறுபோல ஆழமாகக் கிடந்தது. செம்முகக் குரங்குகள் தலைக்கு மேல் தாவின. எறும்புச் சாரை ஒன்றை எல்லோரும் ஓடிக் கடந்தோம். திடீரென்று பக்கத்தில் எங்கோ பறை அடித்தாற்போல் ஒரு சத்தம். அதன் பின்னால் ஒரு கூச்சல் எழும்பியது. ஒன்று தொடங்க, பத்து சேர்ந்து, காடே அலறியது. என் கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பலகைபோல் விரிந்த மர வேரில் ஆண் சிம்பன்சி காலால் அடிக்கிற சத்தம் அது என்று கிரேஸ் சொன்னார். முகக்கவசம் போடச் சொன்னார்.

அத்தி மரத்தடியில் அவை இருந்தன. நான் குரங்கு பார்க்கத்தான் வந்திருந்தேன். அங்கே இருந்தவற்றைக் குரங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு ஆண் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் ஆள்போல எங்களைப் பார்த்தபடி இருந்தது. ஒரு தாய் தன் குட்டியின் காதை விலக்கி எதையோ எடுத்தாள். வசந்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஏற்றத்தில் ஏறிய களைப்பில் முகக்கவசம் நனைந்து மூச்சு முட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிய எத்தனையோ பயணிகளை நான் அதட்டியிருக்கிறேன். அதே நான் அதை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டேன். குட்டி தாயை விட்டு, ஒரு கொடியைப் பிடித்து எங்கள் பக்கம் இறங்கியது. "பின்னால் போங்கள், பின்னால்" என்றார் கிரேஸ். எல்லோரும் நகர்ந்தார்கள். எனக்கு மூக்குக்குள் குறுகுறுத்தது. அடக்கினேன். முடியவில்லை. மூன்று தும்மல், ஒன்றின் பின் ஒன்றாக, முன்னால் இருந்த செடியின் மேல்.

குட்டி அசையாமல் என்னைப் பார்த்தது. பிறகு, நாங்கள் விலகிய இடத்துக்கே வந்து, நான் தும்மிய அந்தச் செடியில் ஒரு இலையைப் பறித்து வாயில் வைத்தது.

கிரேஸின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனதைக் கண்டேன். கையைத் தட்டிக் குட்டியை விரட்டினார். அது இலையைச் சப்பியபடியே தாயிடம் ஓடியது. "எத்தனை நாளாக?" என்று என்னைக் கேட்டார்.

"மூன்று நாள்."

ஆறு பேரையும் உடனே திருப்பி நடத்தினார். பார்த்தது பத்து நிமிடமும் இராது. நடந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார். உங்களுக்கு மூக்கு ஒழுகும், நாலு நாளில் போய்விடும். அதே கிருமி இவற்றுக்கு நெஞ்சில் இறங்கும், உயிரைக் குடிக்கும். வேறு காடுகளில் அப்படிச் செத்திருக்கின்றன. செத்த குட்டியைத் தாய் நாட்கணக்கில் சுமந்து திரியும். நோயை வாசலில் மறிப்பதே தொழிலாக இருந்தவன், அதை என் மூக்கில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். சப்பாத்து மட்டும் சுத்தம்.

அலுவலகத்தில் என் படிவத்தை எடுத்தார். "இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்."

"எங்கள் மொழியில் இதை நோய் என்று சொல்வதில்லை" என்றேன். சொல்லும்போதே அந்தக் கைக்குட்டை, அந்த நேரான முதுகு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இனி இவர் பொய் என்று எழுதப்போகிறார், எழுதட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

கிரேஸ் எழுதவில்லை. பேனையைப் படிவத்தின் மேல் வைத்தார். பிறகு, "என்னுடைய கேள்வி சரியில்லை. மூக்கு ஒழுகுகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள் அல்லவா?" என்றார்.

அன்று அந்தக் கூச்சலும் தும்மலும் இலையும் தராத அதிர்ச்சியை எனக்குத் தந்தது இந்த ஒரு பேச்சுத்தான். என்மேல் விழ வேண்டிய பழியில் பாதியை அந்தப் பெண் தானாகத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். வசந்தாதான் ஆங்கிலத்தில், "நான் சொல்லச் சொன்னேன் அம்மா. நானாவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றாள். விடுதிக்குப் போகும்போது அவள் வண்டியின் முன் சீற்றில் போய் இருந்துகொண்டாள்.

ஆக்லாந்தில் வந்திறங்கியபோது சப்பாத்து, காடு, விலங்கு எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்தினேன். அங்கிருந்த இளம் அதிகாரி, வேறு ஏதும் உண்டா என்று கேட்டார். தடிமன் இருந்தது என்றேன். அது எங்கள் பட்டியலில் இல்லையே என்று சிரித்தார்.

குட்டியைக் கவனித்துச் செய்தி அனுப்புவதாகக் கிரேஸ் சொல்லியிருந்தார். ஒரு கிழமைக்குப் பின் வாட்ஸப்பில் இரண்டு வரி வந்தது. குட்டிக்கு மூக்கு ஒழுகுகிறது. தாய் இருமுகிறாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தா தொலைக்காட்சியில் காடு வந்தால் வேறு சனலுக்கு மாற்றினாள். இரண்டு கிழமை கழித்து அடுத்த செய்தி. இரண்டும் தேறிவிட்டன, மரத்தில் ஏறுகின்றன. படித்துவிட்டு நான் அழுதேன். நான் காரணமா என்று எழுதிக் கேட்டேன். "ஆம் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுதவும் முடியாது" என்று பதில் வந்தது. கூடவே ஒரு படம். வாசலில் புதிய பலகை. மூக்கு ஒழுகுகிறதா, தும்மல் உண்டா, தொண்டை கரகரக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தது.

அந்தக் கிழமையே கிளென் ஈடனுக்குப் புறப்பட்டேன். குளிர்காலம் பிறந்திருந்தது. எனக்கு மறுபடி தடிமன். இன்னொரு நாள் போகலாம் என்றாள் வசந்தா. இத்தனை வருடம் தள்ளிப்போட்டது போதாதா என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கதவு மணியை அழுத்திவிட்டுத் தெருவோரத்துக்கு விலகி நின்றேன். ரீச்சரே கதவைத் திறந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. முதுகு மட்டும் அதே நேர். தெருவோரத்துத் தபால் பெட்டியடியில் நின்ற என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வீட்டு வாசலுக்கு வந்தவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சுகமே?"

சுகம் என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "இல்லை ரீச்சர். தடிமன். நான் கிட்ட வரேல்லை. இதிலை நிண்டு ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன்."

"தடிமன் ஒரு வருத்தமே? உள்ளுக்கு வாங்கோ" என்று கதவை அகலத் திறந்தார்.

நான் நகரவில்லை. நின்ற இடத்திலிருந்து, அவருக்குக் கேட்கும்படி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டால் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"ரீச்சர், அண்டைக்கு நீங்கள் பொய் சொல்லேல்லை. நான் கேட்டது பிழை."